ஆமை நடையின் இரு தலைமைகள்

சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகளை (ஆலிவ் ரிட்லி கடலாமைகளை) காக்கும் அமைப்புகளில் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், தலைமை தாங்குபவர்கள்தான் வேறு.

1988-இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை நடத்துவது தன்னார்வலர்கள். ஜனவரி பிறந்தால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி இரவு நடை. மணலில் ஆமையின் துடுப்புத் தடம் தெரிந்ததும் எல்லோரும் நிற்பார்கள். ஒருவர் குச்சியால் மெல்லக் குத்தி, மணல் இளகும் இடத்தில் கையால் தோண்டுவார். பிங்பாங் பந்து போல சுமார் நூறு முட்டைகள் இருக்கும். குழி எடுத்த ஆழத்திலேயே பொரிப்பகத்தில் மறுபடி புதைப்பார்கள். சுமார் 45 நாளில் குஞ்சுகள் வெளிவரும். படித்து முடித்துப் பலர் போய்விடுவார்கள், ஆனால் பழையவர்கள் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதால் நடை நிற்பதில்லை.

ட்ரீ பவுண்டேஷன் 2002-இல் சுப்ரஜா தாரிணி தொடங்கியது. இங்கே காவலர்கள் மீனவ இளைஞர்கள், அவரவர் ஊரிலேயே. என் மனம் சாய்வது இந்தப் பக்கம். ஆமை சாவது பெரும்பாலும் வலையில் சிக்கி மூச்சுமுட்டித்தான். அதைப் பற்றி வலை போடுகிறவரிடம் பேச அதே குப்பத்துப் பிள்ளையால் முடியும், வெளியாள் சொன்னால் எடுபடாது.

சரி, ஒரு நகரவாசிக்கு முதன்முதலாக ஆமையைக் காட்ட எது நல்லது என்றால், தயங்காமல் மாணவர் நடையைத்தான் சொல்வேன்.