எம்.ஏ. வரலாறு: ரெகுலரா, தொலைநிலையா?

எங்கள் பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர் ஒரே வருடத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தோம். நான் வேலையை விட்டுவிட்டு அரசுக் கல்லூரிக்குப் போனேன். என்னோடு ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த அக்கா, வேலையில் இருந்துகொண்டே ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரண்டு பேருமே முடித்துவிட்டோம். இப்போது பழைய மாணவிகள் யாராவது "எதுல சேரலாம் மிஸ்?" என்று கேட்டால், வீட்டு நிலைமை இடம்கொடுத்தால் கல்லூரிக்கே போ என்றுதான் சொல்கிறேன்.

முதலில், எல்லோரும் பயப்படுகிற விஷயம்: தொலைநிலைப் பட்டம் செல்லுமா? அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்துவிட்டது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வுக்கு முதுகலையில் பொதுப்பிரிவினர் 55 சதவீதமும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 50 சதவீதமும் வாங்கியிருக்க வேண்டும். எந்த வழியில் வாங்கினீர்கள் என்று பார்ப்பதில்லை. முதுகலை ஆசிரியர் வேலைக்கு எம்.ஏ.வோடு பி.எட். வேண்டும், அதுவும் இருவருக்கும் பொது. தொலைநிலையில் சேருகிறவர்கள், அந்தப் படிப்புக்கு அந்த வருடம் யுஜிசி அனுமதி உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கட்டணம் இரண்டு பக்கமும் பெரிய தடை இல்லை. எனக்குப் போனது இரண்டு வருடச் சம்பளம். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். அப்பா ஓய்வு பெறாமல் இருந்ததால் சமாளித்தேன்.

பாடப்புத்தகத்தில் தொலைநிலைக்குத்தான் முதலிடம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.ஏ. வரலாற்றுப் பாடங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வரலாற்றெழுதியல், இந்தியச் சூழலியல் வரலாறு, நகரமயமாதல் எல்லாம் தனித்தனித் தாள்கள். கல்லூரியில் படித்த நானே தேர்வுக்கு முன்னால் அவற்றைத்தான் புரட்டினேன். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் சில மாதம் திணறலாக இருக்கும்.

சரி, அப்புறம் ஏன் கல்லூரி? ஒரே காரணம், ஆய்வேடு.

எங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுதுவதாக முடிவு செய்தேன். முதல் அத்தியாயத்தில் "அந்தக் காலத்தில் மக்கள் தாங்களே ஒன்றுகூடி ஏரியைத் தூர்வாரிக் காத்தார்கள்" என்று ஒரு வரி. ஆய்வேட்டுக்கு வழிகாட்டியாக இருந்த சார் அதில் 'மக்கள்' என்ற சொல்லை மட்டும் பென்சிலால் வட்டமிட்டார். "ஏம்மா, எந்த மக்கள்? மண் வெட்டுனது யாரு? தண்ணி யாரு வயலுக்குப் போச்சு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்டதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஏரி, கால்வாயை ஊராரே பராமரிக்கும் குடிமராமத்து என்றால் எனக்கு ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான் மனதில் இருந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று வந்தது, வழக்கப்படியான மராமத்து வேலைக்கு வர மறுத்தால் தண்டம் உண்டு என்பதெல்லாம் அந்த வட்டத்துக்குப் பிறகு தேடிப் படித்தது.

அந்தத் தேடல்தான் என்னை எழும்பூருக்குக் கொண்டுபோனது. தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படிக்கத் துறைத்தலைவரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். சித்தி வீட்டில் தங்கி இரண்டு வாரம். வேண்டிய கோப்பின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்து வருவாய் வாரிய நடவடிக்கைக் கட்டு ஒன்று வந்தது. தாளின் ஓரம் தொட்டாலே பொடிந்தது, இரண்டு கையாலும் தாங்கித்தான் திருப்பினேன். கலெக்டர் அலுவலகக் கடிதங்களின் சாய்ந்த கையெழுத்து கண்ணுக்குப் பழகவே மூன்று நாள் ஆனது. நாலாம் நாள், மதகு உடைந்ததைப் பற்றிய ஒரு கடிதத்தில் எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்துகளில், கொஞ்சம் சிதைந்த வடிவில், பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவே தோன்றவில்லை.

திரும்பி வந்து அந்த ஒரு வரியை நாலு பக்கமாக எழுதினேன். அதிலும் சார் வட்டம் போட்டார். வரலாறு படிப்பது என்றால் எனக்கு இதுதான். யாராவது உங்கள் வரியைப் பிடித்து "ஆதாரம் எங்கே?" என்று கேட்க வேண்டும், அதற்குப் பதில் தேடிப்போக வேலைநாளில் நேரம் இருக்க வேண்டும்.

அக்காவுக்கு இந்த இரண்டும் கிடைக்கவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பிள்ளைகள் எழுவதற்குள் படிப்பார். ஒப்படைப்புகளைக் கையாலேயே பக்கம் பக்கமாக எழுதினார். திரும்பி வந்தபோது மதிப்பெண் இருந்தது, ஓரத்தில் ஒரு கேள்வி கூட இல்லை. அவர் எடுத்த படிப்பில் ஆய்வேடும் இல்லை. மதிப்பெண் என்னைவிட அவருக்குத்தான் அதிகம். பாடத்தை முழுதாகப் படித்ததிலும் அவர் ஒரு படி மேல். உலக வரலாற்றில் எனக்குச் சந்தேகம் வந்தால் இன்றைக்கும் அவரைத்தான் கேட்பேன்.

நான் பார்த்தது ஒரு கல்லூரி, ஒரு வழிகாட்டி. ஆய்வேட்டை வாங்கி, கையெழுத்துப் போட்டு, அலமாரியில் வைத்துவிடுகிற துறையில் நான் சேர்ந்திருந்தால் இப்படி எழுதியிருப்பேனா தெரியாது. அதனால் சேருமுன் அந்தத் துறைக்கு ஒருமுறை நேரில் போங்கள். முந்தைய வருட ஆய்வேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். இணையத்திலிருந்து எடுத்தவையா, கோப்பும் கல்வெட்டும் பார்த்தவையா என்று நாலு பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வேலையில் இருந்து, பட்டம் மட்டும் தேவை என்பவர்களுக்கும், வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கும் தொலைநிலைதான் வழி. அதில் சேருகிறவர்களும், ஆவணக் காப்பகத்துக்கு அறிமுகக் கடிதம் யார் தருவார்கள் என்று படிப்பு மையத்தில் முதல் நாளே கேட்டு வையுங்கள். அக்காவுக்கு அப்போது இது தோன்றவில்லை. வருகிற மே விடுமுறையில் எழும்பூருக்கு என்னோடு வருகிறார். அவருடைய பாட்டி ஊர்க் கண்மாயைத் தேட வேண்டுமாம்.