தூரத்தை நம்பலாம், நேரத்தை நம்பாதீங்க

ரெண்டு ஊர் பேர அடிச்சா ஃப்ளைட்ல எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்னு சொல்ற ஃப்ரீ சைட் ஒண்ணை கொஞ்ச நாளா யூஸ் பண்றேன், பேரு வேணாம், இந்த வகை சைட்டெல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்.

சென்னை - சான் ஃபிரான்சிஸ்கோ போட்டேன். சுமார் 13,900 கி.மீ.ன்னு வந்துச்சு, அது கரெக்ட். மேப்ல கோடு போட்டு காட்டுறது சூப்பர், நாமெல்லாம் துபாய் வழியாவே போய் பழகிட்டோம், இது என்னடான்னா திபெத், சீனா, சைபீரியான்னு வடக்க ஏறி அலாஸ்கா பக்கமா இறங்குது, உருண்டைல அதான் குறுக்கு வழி. ஆனா நேரம் 17 மணி சொச்சமாம். அந்த ரூட்ல நேரா ஃப்ளைட்டே கிடையாது சாமி! துபாய்க்கு 4 மணி நேரம், அங்கேருந்து கிட்டத்தட்ட 16, நடுவுல ஏர்போர்ட்ல உக்காந்திருக்கறது தனி. வயசான அப்பா அம்மாவ அனுப்புறவங்க இந்த 17ஐ நம்பி மாத்திரை, சாப்பாடு பிளான் பண்ணா அவ்ளோதான்.

விஷயம் என்னன்னா தூரத்தை மணிக்கு 800 கி.மீ.ன்னு வகுத்து அப்டியே போட்டுடுறாங்க, அதனால போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே நேரம் காட்டுது. மேல மேற்குலேருந்து கிழக்க அடிக்கிற ஜெட் ஸ்ட்ரீம் காத்து கணக்குலயே இல்ல. சென்னை - லண்டன் போறப்ப சுமார் 11 மணி நேரம், திரும்பி வர்றப்ப 10 சொச்சம்தான், இதுல பாத்தா ரெண்டும் ஒண்ணு. 2016 அக்டோபர்ல ஏர் இந்தியா டெல்லி - சான் ஃபிரான்சிஸ்கோவ பசிபிக் வழியா திருப்பி விட்டாங்க, அட்லாண்டிக் வழில 13,900 கி.மீ., இதுல 15,300, ஆனா பின்னாடிலேருந்து காத்து தள்ளுனதால பதினாலரை மணி நேரத்துல போய் சேந்துடுச்சு, பழைய வழிய விட கிட்டத்தட்ட 2 மணி நேரம் மிச்சம். தூரத்தை வச்சு மட்டும் நேரம் சொல்ற சைட் இத எப்டி சொல்லும்?

டைம் ஜோன் பக்கம் நல்லா பண்ணிருக்காங்க, குறை சொல்ல மாட்டேன். நமக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் கோடைல பன்னெண்டரை மணி வித்தியாசம், குளிர்காலத்துல பதிமூணரைன்னு அதுவே மாத்திக்குது, வாட்ஸ்அப் கால் பண்றதுக்கே தனியா பயன்படுது.

தேடுறதுதான் கொடுமை. சேலம்னு அடிச்சா நம்ம மாம்பழ ஊரு வராது, அமெரிக்கால ஓரிகன்ல இருக்கற சேலம் வந்து நிக்கும். திருச்சின்னா தெரியாதுங்குது, திருச்சிராப்பள்ளின்னு முழுசா அடிக்கணும். நடுவுல விளம்பரம் வேற, கைபட்டா ஹோட்டல் பக்கத்துக்கு போயிடும்.

5க்கு 3. மைல்ஸ் கணக்கு பாக்க, பசங்களுக்கு மேப் காட்ட ஓகே. டிக்கெட் போடறவங்க ஏர்லைன் ஷெட்யூல்ல மொத்த பயண நேரம்னு போட்டிருக்கும்ல, அத பாருங்க, நடுவுல காத்திருக்கற லேஓவரும் அதுலயே வந்துடும்.