பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ்: வாங்கலாமா?

நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஹைபிரிடோ (ரோடு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த ரகம்) ரோடு சைக்கிளோ வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முப்பது நாற்பது கிலோமீட்டர் போகிறவர் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். எங்கள் மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு இட்லி சாப்பிட்டு வீடு திரும்புகிற ஆள் என்றால் அந்தக் காசுக்குப் பின்பக்க லைட் நல்லதாக ஒன்று வாங்கி மாட்டலாம்.

நான் வாங்கியது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரண ரகம். கம்பெனி பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன். பாலியஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் கலந்த இறுக்கமான கறுப்புத் துணி, உள்ளே உட்காரும் இடத்தில் ஃபோம் பேட், துணி மேலே ஏறாமல் இருக்கத் தொடையைச் சுற்றி சிலிக்கோன் பட்டை. அட்டையில் ‘சைக்கிளிஸ்டுகளுக்காக’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, கடையிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசுக்குப் போவது ஸ்கூட்டரில், சைக்கிளை எடுப்பது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் சீக்கிரம் முழிப்பு வந்தால்தான். இந்த லட்சணத்தில் நான் சைக்கிளிஸ்டா?

சரி, வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. நான் வழக்கமாகப் போவது காளவாசலில் இருந்து தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம், அப்படியே கீழக்குயில்குடி. சமண மலை அடிவாரத்தில் அய்யனார் கோயில், அதன் முன்னால் தாமரைக் குளம், ஆலமரம், அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மனசும் காலும் ஒத்துழைத்தால் செட்டிப்புடவு குகை வரை போய் அந்தத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வருவது. முன்பெல்லாம் திரும்பி வரும்போது பாதி நேரம் பெடலில் நின்றுகொண்டே மிதிப்பேன், உட்கார முடியாது. இப்போது அந்தத் தொல்லை போய்விட்டது. ஆனால் ஒன்று, இதற்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. பலர் கூச்சத்தில் போட்டுவிட்டு, தையல் உரசித் தொடையிடுக்கு புண்ணாகி, பேட்டைக் குறை சொல்கிறார்கள். பேடே அந்த உரசலைத் தவிர்க்கத்தான் இருக்கிறது.

அதே ரோட்டில் எதிரே ஒரு பால்காரர் வருவார். பழைய இருபத்தெட்டு இஞ்ச் கறுப்பு சைக்கிள், இரண்டு பக்கமும் கேன், மடித்துக் கட்டிய கைலி. அவருக்கு பேடும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவர் உடம்பு வைரம் பாய்ந்தது என்று நினைத்தால் தப்பு, காரணம் வண்டியில் இருக்கிறது. அந்த சைக்கிளில் முதுகு நிமிர்ந்து உட்காருகிறோம், எடை முழுக்க உட்காரும் எலும்பில் நேராக இறங்குகிறது, அதைத் தாங்க அகலமான சீட்டும் அடியில் ஸ்பிரிங்கும் இருக்கிறது. ஹைபிரிடில் கொஞ்சம் குனிகிறோம், சீட் ஒல்லி, எடையில் ஒரு பங்கு முன்பக்கத்து மெத்தென்ற சதைக்குப் போய்விடுகிறது. ஷார்ட்ஸ் வாங்குவதற்கு முன்னால் காசே இல்லாமல் செய்யக்கூடியது சீட்டைச் சரிசெய்வது: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும், அதுதான் உயரம். சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. பாதிப் பேரின் வலி இதிலேயே போய்விடும். சீட்டுக்கு ஜெல் உறை வாங்கி மாட்டுகிறார்களே, அது பக்கத்துத் தெருவுக்குப் போக சரி. தூரம் போனால் எலும்பு அதற்குள் அமுங்கி, சுற்றியுள்ள சதையில்தான் அழுத்தம் ஏறும், வலி கூடும்.

நாகமலைப் புதுக்கோட்டையில் டீ குடிக்க நின்றபோது கடைக்காரர் கேட்டார்.

“என்ன தம்பி, போட்டியா?”

“இல்லண்ணே, சும்மாதான்.”

“சும்மாவா? சும்மா போறதுக்கு எதுக்கு இந்த டவுசரு?”

நியாயமான கேள்வி. போட்டிக்குப் போகிறவனிடம் கேட்டால் நேரம் சொல்வான், பால்காரரிடம் கேட்டால் லிட்டர் சொல்வார், என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. பி.ஆர்.எம். என்று நீண்ட தூர சைக்கிள் ஓட்டம் ஒன்று உண்டு, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், அதில்கூட முதலிடம் இரண்டாமிடம் கிடையாது, ஆனாலும் முடித்தவர்களை சைக்கிளிஸ்ட் என்று யாரும் மறுக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள் உட்பட. அவர்களை யாரும் சைக்கிளிஸ்ட் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிளில் தினமும் போய்வரும் பிள்ளைகளையும் சொல்வதில்லை. தேவைக்கு ஓட்டுகிறவர்களுக்குக் கிடைக்காத பட்டம் டவுசர் மாட்டியவனுக்குக் கிடைக்கிறது என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அதற்காக ஆசைக்கு ஓட்டுகிறவன் சைக்கிளிஸ்ட் இல்லை என்றும் ஆகிவிடாது. ஒரு வேலையும் இல்லாமல், பக்கத்து வழி இருக்க, சுற்று வழியில் மிதித்துக்கொண்டு போகிறவனை வேறு என்னவென்று சொல்வது? வேகமும் கிலோமீட்டரும் பார்த்துத்தான் அந்தப் பெயரைத் தருவேன் என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்த டீக்கடை அண்ணனுக்கு மட்டும், “வலிக்காம சும்மா போறதுக்குத்தான்ணே” என்று சொன்னேன், சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஆற்றிக் கொடுத்தார்.

இனி திட்டு. சித்திரை வெயிலில் இந்த பேட் வேர்வையைக் குடித்துக் கனத்துப்போகிறது, ஒன்பது மணிக்கு மேல் ஈரத் துணியில் உட்கார்ந்த மாதிரிதான், மதுரையில் அதைத் தவிர்க்க வெயில் ஏறுமுன் வீடு சேர்வதைத் தவிர வழியில்லை. சிலிக்கோன் பட்டை தொடையில் சிவப்பாக வளையம் போட்டு அரிக்கிறது. சில மாதத்திலேயே வலது கால் பக்கம் தையல் விட்டு, தெரிந்த டெய்லரிடம் கொடுத்து அடித்தேன். விலை கூடிய ரகங்களில் பேட் உடம்போடு ஒட்டி வளைகிறது, இதில் நடுவில் மடிந்துகொள்கிறது. அப்புறம், இதைப் போட்டுக்கொண்டு நடப்பது குழந்தைக்கு டயப்பர் கட்டின நடைதான். அழகர்கோயில் பக்கம் போனால் பையில் ஒரு வேட்டி வைத்துக்கொள்கிறேன், ஷார்ட்ஸ் மேலேயே கட்டிக்கொண்டு சாமி கும்பிட்டுவிட்டு வரலாம், உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு தடவையும் துவைத்தே ஆக வேண்டும், உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள், கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றாதீர்கள். வாங்கும்போது இடுப்பு அளவோடு தொடை அளவையும் பாருங்கள், லூசாக இருந்தால் பேட் நகர்ந்து காரியமே கெட்டுவிடும். ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பி எடுப்பார்களா என்று முதலில் படித்துக்கொள்ளுங்கள், உள்ளாடைக் கணக்கில் சேர்த்து எடுக்க மாட்டோம் என்கிற இடங்களும் உண்டு.