முழங்கை மடிப்பும் மூன்று ஆண்டு எண்ணெயும்

எனக்குக் கரப்பான் என்னும் தோல் அரிப்பு நோய் (எக்ஸிமா) சிறு வயதுத் தோழி. முழங்கை மடிப்பிலும் பின்கழுத்திலும்தான் குடியிருப்பு. அலுவலகத்தில் ஏசி வறட்டுகிறது, எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தால் வியர்வை அரிக்கிறது. சிங்கப்பூரில் தோல் ஒரே நாளில் இரண்டு பருவம் பார்த்துவிடுகிறது.

தொடங்கியது ஆலிவ் எண்ணெயில். விலை கூட, அதனால் நல்லது என்று நினைத்தேன். இரண்டே வாரத்தில் கறுப்புச் சட்டையின் கைப்பகுதியில் வெள்ளைச் செதில் உதிர்ந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. ஆலிவில் பெரும்பங்கு ஒலீயிக் அமிலம். அது மேல்தோல் அணுக்களுக்கு இடையிலுள்ள கொழுப்புப் பூச்சைக் கலைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்திருக்கும் லினோலியிக் அமிலமோ அந்தப் பூச்சைக் கட்டத் தோலுக்கே தேவைப்படும் பொருள். 2013இல் வெளிவந்த ஒரு சிறிய பிரிட்டிஷ் ஆய்விலும் ஆலிவ் தோலின் அரணைக் குலைத்தது, சூரியகாந்தி குலைக்கவில்லை.

நடுவில் தேங்காய் எண்ணெய். கைகளுக்கு நன்றாகவே கேட்டது. பின்கழுத்தில்தான் ஒரே வாரத்தில் குருகுருவென்று பொரிப்பொரியாகக் கிளம்பியது. வீட்டில் தண்ணீராக ஓடும் எண்ணெய், அலுவலக மேசை இழுப்பறையில் கல்லாக உறைந்து கிடக்கும். பேனா மூடியால் சுரண்டி எடுத்திருக்கிறேன். ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதையெண்ணெய் மாத்திரையையும் நான்கு மாதம் விழுங்கினேன். பணம் போனதுதான் மிச்சம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை அலசிய அறிக்கையும், விழுங்குவதால் கரப்பானுக்குப் பயனில்லை என்றே சொல்கிறது.

இப்போது சூரியகாந்திதான். அதிலும் ஒரு முறை ஏமாந்தேன். இரண்டாவது புட்டி வாங்கிய மாதமே அரிப்பு திரும்பியது. சீட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'ஹை ஒலீயிக்'. பொரிப்பதற்குத் தாங்கும்படி வளர்த்த விதையாம். பெயர் சூரியகாந்தி, குணம் ஆலிவ்! அன்றிலிருந்து கடையில் நின்று கொழுப்புக் கணக்கைப் படிக்காமல் வாங்குவதில்லை. லினோலியிக் அமிலம் சேரும் பாலிஅன்சாச்சுரேட்டட் என்ற வரியில் 100 கிராமுக்கு 60 போல இருக்க வேண்டும்.

குளித்ததும் ஈரம் காயுமுன் நான்கு சொட்டு. தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். சிறு கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். வெளியே விட்டால் நம் வெக்கைக்குப் பழைய முறுக்கு டப்பாவின் சிக்கு வாடை வந்துவிடும். தலையணை உறைக்கும் அந்த வாடை ஏறியது, அதை வீசியே விட்டேன்.

சிவந்து நீர் வடியும் நாளில் எந்த எண்ணெயும் பேச்சுக்கு வராது; மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்புதான். ஆனால் மாதம் ஒன்று தீர்ந்த களிம்புக் குழாய், இப்போது மூன்று மாதம் வருகிறது.

"நல்லெண்ணெய் இருக்க எதற்கடி இதெல்லாம்?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். தீபாவளி விடியலில் தலையை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். முழங்கையைக் கொடுப்பதில்லை.