"எப்ப பெயிண்ட் அடிக்கப் போறீங்க?"

பண்டாரவளையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் சித்தி மகள் போன வாரம் வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். "அக்கா, உங்க வீட்டு லைட் கிரே நம்பர் என்ன? உள்ளுக்கு முழுக்க அதையே அடிப்போம்னு இவரு சொல்றாரு." கேட்ட நேரம் சரியில்லை. நான் அப்போது ஸ்டூலில் ஏறி நின்று, ஹோல் சுவரில் நானே உண்டாக்கிய ஒரு திட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் மழையில் கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குச் சுவர் ஊதிவிட்டது. மேசன் பாஸ் வந்து ஓட்டையை அடைத்து, சுவரைச் சுரண்டி, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் போட்டுவிட்டுப் போனார். பூசுவதற்கு மிச்சப் பெயிண்டைத் தேடினால், 2021 தீபாவளிக்கு வாங்கிய வாளியின் அடியில் கிடந்தது புளித்த நாற்றம் அடித்தது. அதே ஹார்ட்வெயாருக்குப் போய், அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்த பெயிண்ட் நம்பர் துண்டைக் காட்டி, அதே நம்பரில் ஒரு லீட்டர் கலக்கி வாங்கினேன். நகையைப் போலப் பத்திரமாகத் துண்டைக் காத்ததற்கு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு பூசினேன்.

நம்பர் அதேதான், சுவர்தான் மாறியிருக்கிறது. நாலு வருஷ வெயிலும் புகையும் ஈரத்துணியும் பட்ட சுவர். அது ரோலரில் அடித்தது, நான் பிரஷில் அடித்தேன். காலையில் ஒன்றும் தெரியாது. பின்னேரம் ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்து விழும்போது பாருங்கள், அந்த இடம் மட்டும் பழைய சட்டையில் புதுத்துணி ஒட்டுப்போட்ட மாதிரி மினுங்கும். சரியாக நான் பள்ளிக்கூடத்தால் வந்து டீயோடு உட்காருகிற நேரம்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவளுக்கு இது புதுத் தலையிடி. தீபாவளி கிட்டவானால் அப்பா சுண்ணாம்பை ஊறப்போடுவார். அது கொதித்து அடங்கியதும் கொஞ்சம் நீலம் கரைத்துக் காம்பராவுக்கு அடிப்போம். அடுப்புப் புகை படிந்த இடத்தில் மறுபடி ஒரு இழுப்பு, முடிந்தது. எது எந்த வருஷத்துச் சுண்ணாம்பு என்று எந்தச் சுவரும் காட்டிக்கொடுத்ததில்லை.

கோபத்தில் பேசுகிறேன், நல்லதையும் சொல்ல வேண்டும். 2022 தட்டுப்பாட்டில் சமையல் கேஸுக்கு வரிசையில் நின்று அலுத்து, கடைசியில் பின்பக்கம் விறகடுப்பு மூட்டினோம். புகை குசினிக்குள்தான் வந்தது. வெள்ளைச் சுவராக இருந்திருந்தால் ஒரே மாதத்தில் அழுதிருப்பேன். இந்தக் கிரே அத்தனையையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. ஜனவரி, பெப்ரவரியில் ஹட்டனில் வானம் தெளிந்த காலை வேளைகளில், எதிர் மலைத் தேயிலையில் பட்டு வருகிற வெளிச்சம் ஹோலுக்குள் விழும். அப்போது இந்தச் சாம்பல், சாம்பலாகவே இருக்காது. காய்ந்த ஏலக்காய்த் தோல் நிறம். அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோ அந்தச் சுவரில் நிற்கிற அழகே தனி. ஏழு மணி தாண்டினால் போய்விடும். அதைப் பார்ப்பதற்காகவே பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

மே பிறந்தால் கதை வேறு. செப்டெம்பர் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், உள்ளே அதே நிறத்தில் சுவர். எங்கே வெளி முடிந்து வீடு தொடங்குகிறது என்று தெரியாது. அதிலும் எங்கள் கிரே நீலம் பாயும். துண்டை அப்போதே வாசித்திருந்தால் புரிந்திருக்கும்: வெள்ளைப் பேஸ் பெயிண்டில் விட்டது கறுப்பும் ஒரு சொட்டு நீலமும். கறுப்பு மட்டும் கலந்தாலே வெள்ளை நீலப்பக்கம்தான் சாயும், மஞ்சளோ செங்காவியோ துளி சேர்த்தால்தான் சூடு வரும். டே லைட் பல்பையெல்லாம் கழற்றிவிட்டு வோர்ம் வைட் போட்ட பிறகு இரவாவது சமாளிக்க முடிகிறது.

வருகிறவர்கள் வாயை எந்தப் பல்பும் மாற்றாது. பால் காய்ச்சிய அன்றைக்கே மாமி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சிமெந்துப் பூச்சு நல்லா காஞ்சிருக்கு. எப்ப பெயிண்ட் அடிக்கப் போறீங்க?" என்றார். அதற்குப் பிறகு நாலு வருஷமாக யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். காசு தட்டுப்பாடு என்று நினைத்து மெதுவாகக் கேட்பவர்களும் உண்டு, அது இன்னும் மோசம்.

பூஞ்சணம் பற்றியும் ஒரு வார்த்தை. அழுக்கை மறைக்கிற நிறம் பூஞ்சணத்தையும் மறைக்கும். அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி வைத்ததை, புடவையில் மணம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

ஆகவே தங்கச்சி, அடிக்காதே. க்ரீம் அடி, வெள்ளை அடி, உன் மாமியார் கேட்கிற பச்சையைக்கூட அடி. சின்ன ஒட்டுக்கும் மூலையிலிருந்து மூலை வரைக்கும் முழுச் சுவரும் அடிக்க வைக்கிற நிறம் நமக்கு வேண்டாம். நான் போன ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்தேன். க்ரீம் வாங்கத்தான் கடைக்குப் போனேன், அட்டையையும் புரட்டிப் பார்த்தேன், கடைசியில் இதே நம்பரில் நாலு லீட்டர் தூக்கிக்கொண்டு வந்தேன். திட்டு போய்விட்டது.

ஆனாலும் உங்கள் பக்கம் எங்கள் மே மாத மழை எட்டாது, மலைக்கு அந்தப்புறம் காய்ந்த காற்றாகத்தான் வந்து சேரும். வெயிலும் கூட. ஒரு லீட்டருக்குக் கிட்ட மிச்சம் இருக்கிறது, மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. காலை வெயில் படுகிற சுவரில் இரண்டு கோட் அடித்துப் பார்.