குழந்தைகளின் எழுத்துப் பட்டறைக்காக ஒரு ஷட்டில் போட்டி: ஆடிவிட்டு வந்து எழுதுகிறேன்

நிதி திரட்டுவதற்காக நடத்தும் விளையாட்டுப் போட்டிகளில் பெரும்பாலும் ஏதாவது ஒன்றுதான் உருப்படியாக இருக்கும். ஆட்டம் நன்றாக நடந்தால், எதற்காகப் பணம் சேர்க்கிறார்கள் என்பது ஒரு பேனரோடு முடிந்துவிடும். நோக்கம் நல்லதாக இருந்தால் ஆட்டத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நெட் நடுவில் தொங்கும், நடுவரைத் தேட வேண்டியிருக்கும். இந்தப் போட்டியில் இரண்டும் சேர்ந்தே நடந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை, கட்டுரை எழுதப் பயிற்சி தரும் ஒரு பட்டறைக்காக நடந்த இரட்டையர் போட்டி இது. நான் பல வருஷமாக கிளப்பில் ஆடுகிறவள். அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதலில் ஜோடி சேர்த்த விதம். பெயர் கொடுக்கும்போதே தவறாமல் ஆடுகிறவரா, எப்போதாவது ஆடுகிறவரா என்று கேட்டுக்கொள்கிறார்கள். காலையில் குலுக்கல். இந்த டப்பாவிலிருந்து ஒரு சீட்டு, அந்த டப்பாவிலிருந்து ஒரு சீட்டு. நண்பர்களோடு அணி கட்டிக்கொண்டு வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிற வேலைக்கு இங்கே இடமில்லை. எனக்கு வாய்த்தவர் பள்ளிக்கூடத்தோடு ராக்கெட்டைக் கீழே வைத்தவர், என்னைவிட நிறைய மூத்தவர். "ஸ்மாஷ் எல்லாம் வராதும்மா, நான் நெட்டுக்குக் கிட்ட நின்னுக்கறேன்" என்றார். அது போதும். ஒருவர் முன்னால் நின்று மறிக்க, மற்றவர் பின்னாலிருந்து அடிப்பது இரட்டையரில் காலங்காலமாக உள்ள ஏற்பாடுதான்.

முறையான ஆட்டமென்றால் 21 பாயிண்ட், மூன்றில் இரண்டு செட். 20-20 ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வரும்வரை போகும். 29-29 வந்தால் 30-ஐ முதலில் தொடுபவர் ஜெயித்தார். இங்கே ஒரே செட், 15 பாயிண்ட், சமமாக வந்தால் நீட்டிக்கும் டியூஸ் கிடையாது. ஒரு குழுவில் நான்கு ஜோடிகள், எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். குழுவுக்கு ஆறு ஆட்டம், ஜோடிக்கு மூன்று. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நேரடி நாக்-அவுட் வைத்தால் முதல் சுற்றிலேயே பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆசையாக நன்கொடை கொடுத்துவிட்டு வந்தவரைப் பத்தே நிமிஷத்தில் வீட்டுக்கு அனுப்புவது நியாயமே இல்லை. மூன்று ஆட்டம் உறுதி என்றால் தோற்றவரும் மதியம்வரை இருப்பார், பிள்ளைகள் எழுதியதைக் கேட்பார், அடுத்த வருஷம் இன்னொருவரைக் கூட்டி வருவார்.

சர்வீஸ் உயரத்தையும் பார்க்கவில்லை. சர்வீஸ் போடும்போது, காக் என்று நாங்கள் சொல்லும் இறகுப்பந்தை தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே வைத்து அடிக்க வேண்டும் என்பது 2018 முதல் சர்வதேசப் போட்டிகளில் உள்ள விதி. எதிர் ஜோடியில் ஒருவர் அதைக் கேட்டு நின்றார். "சார், இன்னைக்கு அது வேண்டாமே" என்று நடுவர் சொன்னதும் சரி என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த மனநிலையை நாள் முழுக்கக் காப்பாற்றியதற்கே அமைப்பாளர்களைப் பாராட்ட வேண்டும்.

அப்புறம் கதைச் சீட்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் நடுவர் ஒரு பெட்டியிலிருந்து சீட்டு எடுப்பார். அதில் பட்டறைப் பிள்ளைகள் எழுதிய ஒரு கூடுதல் விதி இருக்கும். ஒரு கோர்ட்டில் நெட்டில் அடித்தவர் நெட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் காக்குக்குப் புதுப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு வந்த சீட்டு கொஞ்சம் கடினம்: சர்வீஸ் போடுவதற்கு முன் சத்தமாக ஒரு வினைச்சொல் சொல்ல வேண்டும், ஏற்கெனவே யாராவது சொன்னதைச் சொன்னால் சர்வீஸ் எதிர்ப்பக்கம் போய்விடும். கோட்டுக்கு வெளியே பத்து வயதுப் பெண் ஒருத்தி பட்டியல் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடு, பாடு, நட, குதி எல்லாம் ஏழெட்டு பாயிண்டுக்குள் தீர்ந்துவிட்டன. பதினொன்றுக்குப் பதினொன்று என்று நிற்கும்போது நான் "ஓடினேன்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "ஓடு ஏற்கெனவே சொல்லியாச்சு அக்கா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். சர்வீஸ் போயிற்று. என் ஜோடியோ அசரவே இல்லை. துவை, நெய், கொழி, புடை, சலி என்று வரிசையாக எடுத்து விட்டார். அந்தப் பெண் "கொழி"க்கு மட்டும் பேனாவை நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். ஆட்டத்தை நிறுத்தி, முறத்தைப் பிடிப்பதுபோல ராக்கெட்டைப் பிடித்து அவர் செய்து காட்டினார். நடுவர் உட்பட யாரும் அவசரப்படுத்தவில்லை. நாங்கள் 15-13 என்று ஜெயித்தோம்.

இந்தப் போட்டியில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. கோர்ட்டுக்கு ஒருவராக நோட்டோடு உட்கார்ந்து, நடக்கிற ஆட்டத்தைச் செய்தியாக எழுதுகிறார்கள். பக்கத்தில் பட்டறையின் எழுத்துப் பயிற்சியாளர் ஒருவர். அவர் எதையும் திருத்தவில்லை என்பதை நான் கவனித்தேன். "இப்போ யார் களைச்சிருக்காங்க? எப்படித் தெரிஞ்சுது?" என்று கேள்வி மட்டும் கேட்டார். ஆட்டச் செய்தி எழுதுவது நல்ல பயிற்சி. கண் எதிரே வேகமாக நடப்பதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று எழுதுகிறவர் உடனே முடிவு செய்தாக வேண்டும். என்ன எழுதுவது என்று வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கைகொடுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

குழு ஆட்டங்கள் முடிந்ததும் எழுதியதை மைக்கில் வாசித்தார்கள். எங்கள் மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி ஒரு பையன் எழுதியிருந்தான். ஸ்கோரைக் கடைசி வரியில்தான் சொன்னான். அதற்கு முன்னால் என் ஜோடி மூச்சு வாங்கும்போதெல்லாம் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டதை எழுதியிருந்தான். நாலாவது தடவை கட்டும்போது லேஸ் அவிழவே இல்லை என்பதையும் எழுதியிருந்தான். காக் நெட்டின் மேல்பட்டையில் ஒரு நொடி தங்கி எங்கள் பக்கம் விழுந்தபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்தோமாம். கூடவே ஆடிய எனக்கு இது எதுவும் தெரிந்திருக்கவில்லை.

குறைகளும் உண்டு. அடுத்த முறை சரிசெய்துவிடக்கூடியவை என்பதால் விவரமாகவே சொல்கிறேன். குழு ஆட்டங்களுக்கு நைலான் காக், இறுதிச் சுற்றுக்கு இறகுக் காக் என்று வைத்திருந்தார்கள். அது சரியான முடிவு. 16 இறகு கொண்ட காக் புதியவர் கையில் சீக்கிரம் உடைந்துவிடும், அந்தச் செலவு பட்டறைக்குப் போக வேண்டிய பணம். ஆனால் நைலான் காக்கில் தக்கையைச் சுற்றியுள்ள பட்டையின் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. அன்று வந்தது எல்லாம் சிவப்பு. அரங்கம் சூடாக இருந்தால் காற்று லேசாகி காக் இன்னும் தூரம் போகும். முதல் ஒரு மணி நேரம் உயரத் தூக்கி அடித்த நல்ல லாப் எல்லாம் பின்கோட்டைத் தாண்டியே விழுந்தது. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வேகத்தில் அடித்துப் பார்த்தால், சரியான காக் எதிர்ப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னால் விழும். காலையில் இரண்டு நிமிஷம் இதற்கு ஒதுக்கியிருந்தால் போதும்.

நன்கொடையாளர்களின் பேனர்களை கோர்ட்டின் பின்சுவரில் மாட்டியிருந்ததும் தொந்தரவு. வெள்ளைப் பேனர், வெள்ளைக் காக். மேலே போனது எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் இரண்டு பேர் மோதிக்கொள்ளப் பார்த்தார்கள். யாரோ சொன்னதும் உடனே கழற்றிப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். பரிசளிப்பில் பேச்சுகள் மட்டும் நீண்டுகொண்டே போயின. காலையிலிருந்து எழுதிக் களைத்த பிள்ளைகளை அத்தனை நேரம் உட்கார வைத்திருக்க வேண்டாம்.

பணக் கணக்கு வாசலிலேயே ஒட்டியிருந்தது. அரங்க வாடகையும் காக் செலவும் நன்கொடையாளர்கள் தலையில்; ஆடுகிறவர்கள் கட்டிய தொகை அப்படியே பட்டறைக்கு. அதிலும் பயிற்சியாளர் சம்பளம், நோட்டு, அச்சுச் செலவு என்று தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை அங்கே பார்த்தபோது இதன்மேல் நம்பிக்கை வந்தது. எல்லாமே தொண்டர்களை நம்பி ஓடினால் இரண்டாம் வருஷம் பாதி வகுப்பு நின்றுவிடும்.

கோப்பைக்குப் பதில், வந்த எல்லோருக்கும் பிள்ளைகளின் எழுத்து அச்சான ஒரு சிறு தொகுப்பு கொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2002-இல் தொடங்கிய 826 வாலென்சியா போன்ற மையங்கள் பிள்ளைகளின் எழுத்தைப் புத்தகமாக்குவதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கின்றன. தன் பெயர் அச்சில் வரப்போகிறது என்று தெரிந்தால் பிள்ளை தானாகவே இரண்டாம் தடவை திருத்தி எழுதும். இந்தத் தொகுப்பில் பிள்ளைகளின் வறுமையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உருக்கமான புகைப்படமும் இல்லை. கதைகள்தான் இருக்கின்றன, அவற்றில் இரண்டு உண்மையாகவே நன்றாக இருக்கின்றன.

கிளப்பில் ஆடுகிறவர்கள் கடும் போட்டியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ராக்கெட்டையே தொட்டு வருஷக்கணக்காகிவிட்டது என்று தயங்குகிறவர்கள் தாராளமாகப் போகலாம், குலுக்கல் உங்களுக்காகத்தான். தரையில் தடம் பதியாத ஷூவைத் தனியாக எடுத்துப் போங்கள், வெளியே போட்டு நடந்த ஷூவோடு உள்ளே விடுவதில்லை. உங்கள் பிள்ளைக்கு எழுதுவதில் ஆர்வம் இருந்தால் ஆட்டச் செய்தி எழுத முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள், கோர்ட்டுக்கு ஒரே இடம்தான். அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை நீலப் பட்டைக் காக் வாங்குங்கள், பச்சையும் ஒரு டப்பா கையில் இருக்கட்டும்.