கிருஷ்ணகிரியில் ஒரு லீட் கிட்டார் வகுப்பு

பென்டடானிக் ஸ்கேலை (ஐந்து ஸ்வர வரிசையை) ஏற்றி இறக்கினாலே சோலோ (தனி வாசிப்பு) என்று நினைப்பவர்களுக்கு, ரவுண்டானா பக்கத்து மாடியில் நடக்கும் இந்த வகுப்பு நல்ல வைத்தியம். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) மாஸ்டர் சுழற்ற, ஒவ்வொன்றின் ஆர்பெஜியோவையும் (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஒலிப்பது) கை நகராமல் வாசிக்க வேண்டும். மூன்றாம் கம்பியில் ஐந்தாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குப் பட்டையில்) இருக்கும் ‘சி’ ஸ்வரம், நான்காம் ஃபிரெட்டின் ‘பி’க்கு இறங்கும்போது ஜி செவன் வந்துவிட்டது காதுக்கே தெரிகிறது. அடுத்து, இரண்டாம் கம்பியில் ‘எஃப்’ ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கி ‘இ’ ஆகிறது; அது சி மேஜர் செவன். பின்னணியே இல்லாமல் வாசித்தாலும் கார்டு மாற்றம் கேட்கும்!

ஸ்வீப் பிக்கிங்குக்கு (பிக்கை ஒரே வீச்சில் பல கம்பிகள்மேல் இழுத்து வேகமாக வாசிப்பது) துடிப்பவர்களை அவர் கண்டுகொள்வதில்லை; எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஆம்ப்ளிஃபையர்தான் இரைகிறது. பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் கார்டு) பிடிக்கத் தடுமாறுபவர்கள் இப்போதைக்குச் சேர வேண்டாம்.